பட்டறையில் நாமே கட்டிய ஓவர்ஹெட் கிரேன்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

கோவைப் பக்கம் சின்ன லேத் பட்டறைகளிலும் பம்ப் ஷெட்டுகளிலும் தலைக்கு மேல் ஓடும் கிரேன்கள் பலவும் கடையில் வாங்கியவை அல்ல. பக்கத்து ஃபேப்ரிகேட்டரை வைத்துக் கட்டியவை. இரண்டு பக்கமும் தூண்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் கேன்ட்ரி பீம், அதன் மேல் ரயில், குறுக்கே ஒரு கிர்டர் (பாரம் தாங்கும் பீம்), அதன் இரு முனையிலும் ரயிலில் ஓடும் சக்கரங்கள் கொண்ட எண்ட் கேரேஜ், கிர்டரின் கீழ்ப் பட்டையில் ஓடும் டிராலி, அதில் செயின் பிளாக் (கையால் சங்கிலி இழுத்துத் தூக்குவது) அல்லது மினி எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட் (மோட்டாரால் ரோப் சுற்றித் தூக்குவது). கையால் தள்ளி ஓட்டுவது. கீழே உள்ள அளவுகள் 1 டன், 5 மீட்டர் அகலம் (இரு பக்க ரயிலுக்கும் இடையே உள்ள தூரம்) கொண்ட கிரேனுக்கானவை. உங்களுடையது வேறு என்றால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தகைய கிரேனில் ஓடாமல் நிற்பது தொல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவதுதான் ஆபத்து. அதனால் ஆபத்தானவற்றை முதலில் வைத்திருக்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பாரத்தை இறக்குங்கள். மெயினை ஆஃப் செய்து ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாரம் அந்தரத்தில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தால், கீழே யாரும் போகாமல் கயிறு கட்டுங்கள். அதற்கு முட்டுக் கொடுக்கக்கூட பாரத்தின் நேர் கீழே போகக் கூடாது. கட்டையைப் பக்கவாட்டிலிருந்து தள்ளிவிடுங்கள்.

## தூக்கிய பாரம் தானாக இறங்குகிறது

### செயின் பிளாக் என்றால்

பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்குங்கள். சங்கிலியில் சாக்பீஸால் ஒரு கோடு. பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கவில்லை.

1. தூக்கும்போது "டிக் டிக்" என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அது பிரேக்கின் நாக்கு பல்லில் விழும் சத்தம். சத்தமே இல்லை என்றால் நாக்கு அழுக்கில் ஒட்டியிருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் போயிருக்கும். உடனே பிளாக்கைக் கழற்றி வையுங்கள், "இந்த ஒரு பாரம் மட்டும்" என்று சொல்லாமல்.

2. சத்தம் வருகிறது, ஆனாலும் வழுக்குகிறது. பிரேக் தட்டில் எண்ணெய் ஏறியிருக்கும். நான் பார்த்தவற்றில் அடிக்கடி வருவது இதுதான். யாரோ அக்கறையாக "சத்தம் போடுதே" என்று கவர் இடுக்கில் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். எண்ணெய் வேண்டியது பாரச் சங்கிலிக்கு. பிரேக்குக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது.

3. தட்டு தேய்ந்துபோயிருக்கும். பிளாக்கைப் பிரித்தால்தான் தெரியும்.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பிளாக்கை நீங்களே பிரிக்காதீர்கள். தட்டு, நாக்கு, பல் சக்கரம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட பக்கம் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் வெறும் கொக்கியோடு சரியாகவே ஓடும், பாரம் ஏறியதும் விடும். சர்வீஸ் கடையில் கொடுத்து, பாரம் போட்டுச் சோதித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

பிளாக் கழன்றிருக்கும்போதே கொக்கியையும் பாருங்கள். வாய் அகலம் புதிதில் இருந்ததைவிட 5 விழுக்காடு கூடியிருந்தாலோ, முறுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ கொக்கி மாற்ற வேண்டியதுதான். சூடுபடுத்தி அடித்து வாயை மூடித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சங்கிலியில் கண்ணியின் கம்பி 10 விழுக்காடு தேய்ந்திருந்தால் அதற்கும் இதே கதி. தேய்மானம் கண்ணிகள் ஒன்றை ஒன்று தொடும் உள் வளைவில் இருக்கும். வெர்னியரை அங்கே வையுங்கள், பக்கவாட்டில் அல்ல.

### எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட் என்றால்

சுவிட்சை விட்ட பிறகு கொக்கி எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். வெறும் கொக்கிக்கும் பாரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பிரேக் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. சில மாடல்களில் இடைவெளியைச் சரிசெய்யும் நட் உண்டு. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். கையேடு இல்லை என்றால் குத்துமதிப்பாக முறுக்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிரேக் நன்றாக இருந்தும் இறங்குகிறதா? ரோப் நுனியில் கிளாம்ப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். மூன்று கிளாம்பாவது வேண்டும். 'யு' போல்ட் வெட்டிய நுனிப் பக்கத்து ரோப்பின் மேலும், அதன் கீழ்க்கட்டை பாரம் தாங்கும் ரோப்பின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் ரோப்பையே போல்ட் நசுக்கிவிடும். கொக்கி தரையைத் தொடும்போதும் டிரம்மில் இரண்டு மூன்று சுற்று ரோப் மிச்சம் இருக்க வேண்டும்.

## மேலே அழுத்தினால் கீழே போகிறது

மூன்று பேஸ் ஹாய்ஸ்டில் மட்டும் வருவது. நேற்று வரை சரியாக ஓடியது, இன்று தலைகீழ் என்றால் ஹாய்ஸ்டில் எந்தக் கோளாறும் இல்லை. ஈபி லைனில் வேலை நடந்தோ, உங்கள் போர்டில் எலக்ட்ரீஷியன் கை வைத்தோ பேஸ் மாறியிருக்கிறது. லேத் மோட்டாரும் தலைகீழாகச் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் மாறியது வெளியே. லேத் சரியாக இருந்தால் கிரேனுக்குப் போகும் வயரில் மட்டும்.

சின்ன விஷயம்போல் தோன்றும் இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கொக்கி உச்சிக்கு வந்ததும் நிறுத்தும் லிமிட் சுவிட்ச், "மேலே" என்ற காண்டாக்டரைத்தான் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வெட்டும். பேஸ் மாறிய நிலையில் கொக்கி மேலே ஏறுவது "கீழே" காண்டாக்டரில். அப்போது லிமிட் அடிபட்டாலும் மோட்டார் நிற்காது. கொக்கி டிரம்மில் மோதி ரோப் அறுந்துவிடும்.

"பரவாயில்லை, மாற்றி அழுத்திக்கொள்கிறேன்" என்று ஒரு பாரம்கூடத் தூக்காதீர்கள். பெண்டண்ட் சுவிட்சுக்குள் (கையில் பிடித்து அழுத்தும் தொங்கு சுவிட்ச்) வயரை மாற்றியும் விடாதீர்கள். பொத்தான் சரியாகிவிடும், லிமிட் மட்டும் செத்தே கிடக்கும். கிரேனுக்கு வரும் மெயின் வயரில் இரண்டு பேஸை இடம் மாற்ற வேண்டும். பிறகு வெறும் கொக்கியை மெதுவாக ஏற்றி, லிமிட் வெட்டுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே வேலை. இது அடிக்கடி நடக்கும் ஏரியா என்றால் பேஸ் மாறினால் ஓடவே விடாத ரிலே ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒரு ரோப்பின் விலைக்குள் முடிந்துவிடும்.

## கிரேன் கோணிக்கொண்டு ஓடுகிறது, நடுவில் சிக்குகிறது

இப்படிக் கட்டிய கிரேன்களில் அதிகம் வரும் புகார். உடனே எல்லோரும் கை வைப்பது பேரிங்கில். பேரிங்கை மாற்றிப் பணம் செலவழித்த பிறகும் அதே இடத்தில் சிக்கும். முதலில் எங்கே, எப்போது சிக்குகிறது என்று பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

### எப்போதும் ஒரே இடத்தில் சிக்குகிறது

கோளாறு தண்டவாளத்தில். சிக்கும் இடத்தில் ஏணி போட்டு ஏறி, ரயில் இணைப்பைக் கையால் தடவிப் பாருங்கள் (மெயின் ஆஃப், கிரேன் அந்தப் பக்கம் வராமல் கட்டை வைத்து). சதுரக் கம்பி ரயிலில் இணைப்பு வெல்டிங் மேடாக நிற்பதே வழக்கம். கிரைண்டரால் இழைத்தால் போதும். அடுத்தது வெல்டிங் துளி, பீம் மேல் விழுந்து கிடக்கும் போல்ட், எண்ணெயும் தூசும் சேர்ந்து இறுகிய கட்டி.

இவை எதுவும் இல்லை என்றால் அகலத்தை அளக்க வேண்டும். இரண்டு ரயிலுக்கும் இடையே ஒவ்வொரு மீட்டருக்கும் ஸ்டீல் டேப் பிடியுங்கள். 5 மீட்டரில் டேப் தொய்யும், ஆளுக்கு ஆள் இழுக்கும் பலம் மாறும். அளவு பொய் சொல்லும். டேப் நுனியில் ஒரு ஸ்பிரிங் தராசு மாட்டி, ஒவ்வொரு தடவையும் 5 கிலோ காட்டும் வரை இழுத்து அளந்தால் ஒழுங்காக வரும். நான் விடும் வித்தியாசம் 3 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால் ரயிலையோ பீமையோ நகர்த்த வேண்டும். போல்ட் வைத்துக் கட்டியிருந்தால் ஒரு மாலை வேலை. வெல்டு வைத்துவிட்டார்கள் என்றால் ஃபேப்ரிகேட்டர் வந்து வெட்டித்தான் ஆக வேண்டும்.

### நீளம் முழுக்கச் சிக்குகிறது

பாலம் (கிர்டரும் இரு எண்ட் கேரேஜும் சேர்ந்த சட்டம்) கோணியிருக்கிறது. சக்கரத்தின் விளிம்புகளைப் பாருங்கள், எங்கே உரசுகிறதோ அங்கே பளபளக்கும். ஒரே எண்ட் கேரேஜில் முன் சக்கரத்தின் உள்விளிம்பும் பின் சக்கரத்தின் வெளிவிளிம்பும் பளபளத்தால் கோணல் உறுதி. நான்கு சக்கரத்திலும் உள்விளிம்பு மட்டும் பளபளத்தால் கோணல் இல்லை. ரயில்கள் இரண்டும் நெருங்கியிருக்கின்றன. வெளிவிளிம்பு மட்டும் என்றால் விலகியிருக்கின்றன.

கோணலை அளக்க, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்தும் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 3 மி.மீ.க்குள் இருந்தால் சரி. 5-ஐத் தாண்டினால் கிர்டருக்கும் எண்ட் கேரேஜுக்கும் இடையிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, மூலைவிட்டத்தைச் சமன்செய்து மறுபடி முறுக்க வேண்டும். தளர்த்துவதற்கு முன் கிர்டரை அடியில் முட்டுக் கொடுத்துத் தாங்குங்கள்.

### பாரம் ஒரு ஓரத்தில் இருக்கும்போது மட்டும் சிக்குகிறது

பாரம் உள்ள முனை கனமாகப் பின்தங்கும், மறு முனை முன்னே ஓடும். செலவில்லாத வழி, பாரத்தின் பக்கமாக நின்று தள்ளுவது. அது போதவில்லை என்றால் எண்ட் கேரேஜ் நீளத்தைப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் கிர்டர் அகலத்தில் ஏழில் ஒரு பங்காவது வேண்டும். 5 மீட்டருக்கு ஏறக்குறைய 715 மி.மீ. இரும்பு மிச்சம் பிடிக்க 400-ல் முடித்த எண்ட் கேரேஜ்கள் நிறைய. அகலமான மேசை டிராயரை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் எப்படி இறுகுமோ அப்படித்தான் அது இறுகும். கிரீஸ் போட்டெல்லாம் தீராது. நீளமான எண்ட் கேரேஜ் செய்து மாற்ற வேண்டும். அதைவிடச் செலவான வழி, இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே ஷாஃப்ட்டால் இணைத்துக் கைச் சங்கிலியால் ஓட்டுவது. அப்போது ஓட்டும் சக்கரங்கள் இரண்டும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். சும்மா தள்ளி ஓட்டும் கிரேனில் விட்ட வித்தியாசம் அவ்வளவு தொந்தரவு செய்யாது.

மதியத்தில் மட்டும் சிக்கி மாலையில் சரியாகிறதா? தகர ஷெட்டில் 20 டிகிரி சூடு ஏறினால் 5 மீட்டர் கிர்டர் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீளும். சக்கரத்துக்கும் ரயிலுக்கும் விட்ட இடைவெளி அவ்வளவு குறைவு என்று அர்த்தம். கூட்டிவிடுங்கள்.

## டிராலி தானாக உருளுகிறது

எந்தப் பக்கம் உருளுகிறது?

ஒரு ஓரத்துக்கு என்றால் ஒரு பக்கக் கேன்ட்ரி பீம் தாழ்ந்திருக்கிறது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பாருங்கள், இவ்வளவு தூரத்துக்கு ரசமட்டம் போதாது. தூண் தலையில் ஷிம் தகடு வைத்துத் தூக்கலாம். ஆனால் சில மாதத்தில் மறுபடி தாழ்ந்தால் தூணின் அடித்தளம் இறங்குகிறது. ஷிம் போட்டுக்கொண்டே இருக்காமல் சிவில் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

பாரத்தோடு எப்போதும் நடுவை நோக்கியே உருளுகிறது என்றால் கிர்டர் வளைகிறது. 5 மீட்டர் அகலத்தில் நடுவில் 1 டன் தொங்கினால் ஐஎஸ்எம்பி 150 பீம் (ஐ வடிவ இரும்பு பீம், எண் அதன் உயரம் மி.மீ.-இல்) ஏறக்குறைய 18 மி.மீ. தொய்யும். ஐஎஸ்எம்பி 200 என்றால் 6 மி.மீ., 250 என்றால் இரண்டரை. கையால் ஓட்டும் கிரேனுக்கு அகலத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு, அதாவது இங்கே 10 மி.மீ., எல்லை. நடுவில் ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, பாரத்துக்கு முன்னும் பின்னும் தரையிலிருந்து உயரம் அளந்தால் உங்கள் கிர்டர் எவ்வளவு தொய்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லை தாண்டினால் பாரத்தைக் குறைத்து எழுதுங்கள், அல்லது பீமை மாற்றுங்கள். கீழ்ப் பட்டையில் தகடு வெல்டு வைத்துப் பலப்படுத்தலாம் என்று ஆள் ஆளுக்குச் சொல்வார்கள். டிராலி ஓடும் பட்டை அது. வெல்டிங் சூட்டில் பீம் முறுக்கிக்கொள்வதும் உண்டு. கணக்குப் போட்டுத் தரும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

## டிராலி இழுக்கக் கனக்கிறது, கீழே இரும்புப் பொடி உதிர்கிறது

பொடி விழுந்தால் சக்கரம் பீமைத் தின்கிறது. ஐஎஸ்எம்பி பீமின் பட்டை உட்புறம் 8 டிகிரி சரிவு. டிராலிச் சக்கரமும் அதே சரிவில் கடைந்திருக்க வேண்டும். லேத்தில் தட்டையாகக் கடைந்த சக்கரம் ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்து பட்டையில் கோடு போடும். லேத் பட்டறைக்காரருக்கு இது அரை நாள் வேலை. தட்டைப் பட்டை பீம் என்றால் நேர்மாறு, அங்கே தட்டைச் சக்கரம்தான்.

பொடி இல்லாமல் கனக்கிறது என்றால் பக்கவாட்டு இடைவெளியைப் பாருங்கள். பட்டை ஓரத்துக்கும் சக்கர விளிம்புக்கும் ஒவ்வொரு பக்கமும் 1.5 முதல் 2 மி.மீ. போதும். போல்ட்டில் உள்ள வாஷரைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம், இரு பக்கமும் சமமாக. அதிகமாக விட்டால் டிராலி ஒரு பக்கம் நழுவி விழும். அதனால் "லூசாக இருந்தால் நன்றாக ஓடும்" என்ற யோசனை இங்கே வேண்டாம். கிர்டரின் இரு முனையிலும் ஸ்டாப்பர் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

## பாரத்தை நிறுத்தும்போது தூண் ஆடுகிறது

தூண் உச்சியிலிருந்து தூக்குக் குண்டு விட்டு, இன்னொருவரைப் பாரத்தைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றரை மீட்டர் தூணில் குண்டு 10 மி.மீ.க்கு மேல் அலைந்தால் விடக் கூடாது.

அடித்தகடு நட் தளர்ந்திருக்கும், முறுக்குங்கள். அடித்தகட்டுக்கும் தரைக்கும் நடுவே வெறும் இடைவெளி இருந்தால் சுருங்காத கிரவுட் (சிமென்ட் கலவை) ஊற்றுங்கள். ஓடும் திசையில் ஆட்டம் என்றால் இரண்டு தூண்களுக்கிடையே குறுக்கு ஏங்கிள் இல்லாததே காரணம். ஒரு ஜோடித் தூண்களுக்கிடையிலாவது போடுங்கள். குறுக்குத் திசையில் ஆட்டம் என்றால் தூணே மெல்லியது, அல்லது அடித்தளம் போதவில்லை.

நாலு அங்குல கான்கிரீட் தரையில் ஆங்கர் அடித்து நிறுத்திய தூணைச் சுற்றித் தரை விரிந்திருந்தால் கிரேனை அன்றே நிறுத்துங்கள். தரையை உடைத்துத் தனி அடித்தளம் போட வேண்டிய வேலை அது. செங்கல் சுவரில் கட்டிவைத்தும், கூரை டிரஸ்ஸிலிருந்து கம்பி இழுத்தும் ஆட்டத்தை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். சுவரும் டிரஸ்ஸும் கிரேன் இழுப்பைத் தாங்கக் கட்டியவை அல்ல. ஆட்டம் நின்றுவிடும், விரிசல் சுவருக்கு இடம் மாறும்.

## மோட்டார் உறுமுகிறது, தூக்கவில்லை

சிங்கிள் பேஸ் மினி ஹாய்ஸ்டில் அதிகம். உறுமும்போது சுவிட்சை விட்டுவிடுங்கள், சுற்றாத மோட்டாரின் காயில் சீக்கிரம் எரிந்துவிடும்.

பாரம் எவ்வளவு? மேலே 500 கிலோ என்று எழுதியிருந்தாலும் பல மினி ஹாய்ஸ்டுகளில் அது இரட்டை ரோப்புக்கான கணக்கு. புல்லிக் கொக்கி மாட்டாமல் ஒற்றை ரோப்பில் தூக்கினால் 250 தான்.

அடுத்து வோல்டேஜ். ஓடும்போது ஹாய்ஸ்ட் முனையில் அளங்கள், போர்டில் அல்ல. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் இழுப்பு 61 விழுக்காடாகக் குறைந்துவிடும். நீளமான மெல்லிய வயர், கருகிய பிளக் இரண்டுமே இதைச் செய்யும்.

வோல்டேஜ் சரி என்றால் கெபாசிட்டர். மெயினை ஆஃப் செய்த பிறகும் அதில் கரண்ட் நிற்கும். ஒரு குண்டு பல்பை இரு முனைக்கும் குறுக்கே பிடித்து இறக்கிவிட்டுத் தொடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜில் மாற்றுங்கள்.

அதற்கும் கேட்கவில்லை என்றால் ரீவைண்டிங் கடை. நன்றாக ஓடி, சூடாகி நின்று, ஆறியதும் ஓடுகிறது என்றால் அது கோளாறே இல்லை. இந்த வகை ஹாய்ஸ்ட் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓடத்தான் செய்தது. நாள் முழுக்கத் தூக்குகிற பட்டறை என்றால் ஹாய்ஸ்டை மாற்றுங்கள்.

## கொக்கியைத் தொட்டால் ஷாக்

கிரேனை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் நீங்கள் பார்க்கக்கூடியது, மெயினை ஆஃப் செய்துவிட்டு, தொங்கும் கேபிள் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்பது மட்டும். வந்தவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: கேபிளிலேயே தனி எர்த் வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் சுவிட்ச்). "கிரேன்தான் இரும்பு ரயில் மேல் நிற்கிறதே, தானாக எர்த் ஆகும்" என்பார்கள். பெயின்டும் துருவும் கிரீஸும் நடுவில் இருக்கும்போது அதை நம்ப முடியாது.

## பெயின்டில் மெல்லிய கோடு, அதில் துரு

வெல்டிங் ஓரத்தில், குறிப்பாக எண்ட் கேரேஜ் சேருமிடத்திலும் தூண் தலையிலும் இப்படித் தெரிந்தால் விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டைச் சுரண்டி, டை பெனிட்ரன்ட் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். சிவப்பு மருந்து அடித்து, துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும்.

எழும்பினால் அதன் மேலேயே ஒரு வெல்டிங் இழுத்து மூடாதீர்கள். விரிசலை முழுக்கத் தோண்டி எடுத்து, 7018 வெல்டிங் ராடைச் சூளையில் காயவைத்து, தேர்வு பெற்ற வெல்டர் போட வேண்டும். ஏன் விரிந்தது என்று தெரியாமல் போட்டால் பக்கத்தில் இன்னொன்று வரும். அதிகப் பாரமா, கோணி ஓடும் கிரேனா, மேலே உள்ள தலைப்புகளில் எதுவோ ஒன்று காரணமாக இருக்கும்.

## சரிசெய்த பிறகு

கிர்டர், பிரேக், கொக்கி, வெல்டிங் எதில் கை வைத்திருந்தாலும் பாரம் போட்டுச் சோதிக்காமல் வேலைக்கு விடக் கூடாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கு எந்திரத்தை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று வைத்தது. உங்கள் பட்டறை சட்டத்துக்குள் வரும் அளவில் இல்லை என்றாலும் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள். சோதனைப் பாரம் 1 டன் கிரேனுக்கு 1,250 கிலோ, அவர் முன்னிலையில். எடை மேடையில் போட்டு நிறுத்த இரும்பாக இருக்கட்டும், "ஒரு டன் இருக்கும்" என்று யாரோ சொன்ன எந்திரமாக வேண்டாம்.

தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். தொய்வை அளங்கள். இறக்கிய பிறகு கிர்டர் பழைய உயரத்துக்குத் திரும்ப வேண்டும், 2 மி.மீ. தாழ்ந்தே நின்றுவிட்டால் அந்தக் கிர்டரை மறுபடி தூக்க விடாதீர்கள். திரும்பினால், 1 டன் பாரத்தோடு இரு திசையிலும் கடைசி வரை மெதுவாக ஓட்டிப் பார்த்து, கிர்டரின் இரு பக்கமும் தூக்கும் அளவைப் பெரிதாக எழுதுங்கள். கிர்டர், டிராலி, பிளாக், கொக்கி நான்கில் எது குறைவோ அந்த எண்ணை.